137 நாட்கள்

மேட்டூர் அணையைத் தாண்டிக் கொளத்தூர்ப் பக்கம் போனால் ‘புலியூர்’ என்ற பெயர் காதில் விழும். 1980களின் நடுவில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் அங்கே இருந்தது. பொன்னம்மான் அதன் பொறுப்பாளர். முகாம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. எங்கள் எடப்பாடி வட்டாரத்துக்காரர்களுக்கு ஈழப்போர் வெறும் செய்தித்தாள் சமாச்சாரமாக இருந்ததே இல்லை. ஆனையிறவு எப்போது விழுந்தது, திலீபன் எந்தத் தேதியில் உயிர்விட்டார், முள்ளிவாய்க்காலில் கடைசி நாள் எது என்று தறிக்கூடத்தில் நின்றபடியே சொல்லக்கூடியவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடமே 2002 டிசம்பர் 5 என்ன நாள், 2003 ஏப்ரல் 21 என்ன நாள் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

முதல் தேதியில், ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சி அடிப்படையில் தீர்வு காண்பதை ஆராய, இலங்கை அரசும் புலிகளும் ஒஸ்லோவில் ஒத்துக்கொண்டார்கள். இரண்டாம் தேதியில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். இடையில் 137 நாட்கள். ஈழப் பேச்சுவார்த்தைகளின் முப்பதாண்டு வரலாற்றில் தீர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருந்த காலம் இது ஒன்றே என்பது என் முடிவு. அது ஏன் கைநழுவியது, பொறுப்பு யாருடையது என்பதை எடைபோட்டுப் பார்க்க வேண்டும். போரைப் பற்றி நாம் நிறையவே எழுதிவிட்டோம். பேச்சைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. எழுதியதிலும் பாதி, யார் துரோகி என்று தேடுவதிலேயே போய்விட்டது.

ஒரு சமாதானப் பேச்சை எதை வைத்து மதிப்பிடுவது? பேசியவர்களின் மனத்தூய்மையை வைத்து முடியாது, அதை அளக்கக் கருவி இல்லை. இறுதி விளைவை மட்டும் வைத்தும் முடியாது. நல்ல பேச்சும் கெட்ட காலத்தில் தோற்கும். எதற்காகச் சண்டை போட்டார்களோ அதைப் பற்றி மேசையில் பேசினார்களா, தம் சொந்த ஆட்களிடம் கெட்ட பெயர் வாங்கக்கூடிய எதையாவது இரு தரப்பும் விட்டுக்கொடுத்தார்களா, கொடுத்த வாக்கை மீறினால் கேட்க ஓர் ஆள் இருந்தாரா என்று பார்க்கலாம். இவற்றுக்கு ஆவணங்களில் பதில் இருக்கிறது.

முந்தைய முயற்சிகள் இந்த அளவையில் எங்கே நிற்கின்றன? 1985 ஜூலை, ஆகஸ்டில் பூட்டானின் திம்புவில் ஆறு தமிழ் அமைப்புகள் ஒரே குரலில் நான்கு கோட்பாடுகளை வைத்தன. தமிழர் ஒரு தேசிய இனம், அவர்களுக்குத் தாயகம் உண்டு, சுயநிர்ணய உரிமை உண்டு, தீவிலுள்ள எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை வேண்டும் என்பவை அவை. இலங்கைக் குழுவுக்குத் தலைமை ஏற்று வந்தவர் அதிபர் ஜெயவர்த்தனாவின் தம்பி, வழக்கறிஞர் எச்.டபிள்யூ. ஜெயவர்த்தனா. முதல் மூன்றையும் அவர் நிராகரித்தார். சண்டையின் பொருள் மேசைக்கு வந்தது என்பதே திம்புவின் பெருமை. ஆனால் யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. வவுனியாவில் நடந்த கொலைகளோடு அது முறிந்தது. 1989-90இல் அதிபர் பிரேமதாசாவும் புலிகளும் பேசியது இந்திய அமைதிப்படையை வெளியேற்றத்தான்; படை 1990 மார்ச்சில் போனதும் அவர்களுக்குப் பேசப் பொருள் இல்லாமல் போனது, ஜூனில் போர். 1994-95இல் சந்திரிகாவுக்கும் புலிகளின் தலைவர் பிரபாகரனுக்கும் இடையே நடந்ததைப் பேச்சுவார்த்தை என்பதைவிடக் கடிதப் போக்குவரத்து என்பதே பொருந்தும். 1995 ஏப்ரல் 19இல் திருகோணமலையில் இரு கடற்படைக் கப்பல்களைப் புலிகள் மூழ்கடித்ததோடு அதுவும் முடிந்தது.

1987 வேறு மாதிரி. அந்த ஆண்டு ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்டபோது, சண்டை போட்டுக்கொண்டிருந்த பிரபாகரன் டெல்லி அசோகா ஓட்டலில் வைக்கப்பட்டிருந்தார். ஆகஸ்ட் 4இல் சுதுமலையில் அவர் பேசியதைக் கேட்டவர்களுக்கு, இந்த ஒப்பந்தம் அவருடையதல்ல என்பது அன்றே விளங்கியிருக்கும். அக்டோபரில் அமைதிப்படையே போரிடும் படையானது. ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். ஈழத்தமிழர் இழந்த உயிர்களுக்கு ஒத்துக்கொள்ளப்பட்ட கணக்கே இல்லை. ஆயுதம் வைத்திருப்பவனை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு அவன் பெயரில் சமாதானம் எழுத முடியாது என்ற பாடத்தை இந்தியா மிக அதிக விலை கொடுத்து வாங்கியது. 2002இல் நடுவராக வந்த நார்வே செய்த முதல் நல்ல காரியம் அந்தத் தவறைத் திருத்தியது. பிரதமர் ரணில் விக்ரமசிங்க, பிரபாகரன் இருவருமே நேரடியாகக் கையெழுத்திட்டார்கள்.

அந்த நேரமும் சரியான நேரம். 2000 ஏப்ரலில் ஆனையிறவு புலிகள் வசம் வந்தது. 2001 ஏப்ரலில் ராணுவத்தின் ‘தீச்சுவாலை’ நடவடிக்கை முகமாலையில் சில நாட்களில் சிதறியது. ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையத் தாக்குதல். சுதந்திரத்துக்குப் பின் முதல்முறையாக இலங்கைப் பொருளாதாரம் அந்த ஆண்டு சுருங்கியது. மறுபக்கம், புலிகளாலும் யாழ்ப்பாணத்தைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை. செப்டம்பர் 11க்குப் பிறகு உலகில் ஆயுதக்குழு எதற்கும் நல்ல காலம் இல்லை என்பது லண்டனில் இருந்த, புலிகளின் தலைமைப் பேச்சுவார்த்தையாளர் ஆன்டன் பாலசிங்கத்துக்குத் தெரியும். இனி அடித்து வெல்ல முடியாது என்று இரு தரப்பும் உணரும் வேளையே பேச்சுக்குக் கனிந்த வேளை என்பார் வில்லியம் சார்ட்மன் என்ற அமெரிக்க அறிஞர். 2002 பிப்ரவரி அப்படிப்பட்ட வேளை.

பிப்ரவரி 23இல் நடைமுறைக்கு வந்த போர்நிறுத்த ஒப்பந்தத்தை இன்று படித்தாலும் அதன் நுணுக்கம் வியக்க வைக்கிறது. படைகள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். 30 நாட்களுக்குள் கோவில், தேவாலயங்களிலிருந்தும் 160 நாட்களுக்குள் பள்ளிக்கூடங்களிலிருந்தும் வெளியேற வேண்டும். அரசுடன் சேர்ந்து இயங்கிய தமிழ்க் குழுக்களின் ஆயுதங்களைக் களைய வேண்டும். ஏ-9 பாதையைத் திறக்க வேண்டும். ஐந்து வடஐரோப்பிய நாடுகளின் கண்காணிப்புக் குழு மீறல்களைப் பதிவு செய்ய வேண்டும். புலிகள் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அது சரியே, அந்த நிபந்தனை இருந்திருந்தால் ஒப்பந்தமே வந்திருக்காது. ஏப்ரலில் பாதை திறந்தது. இருபதாண்டுகள் பார்க்காத உறவுகளைப் பார்க்க யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் பேருந்துகள் ஓடின. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இரு படைகளுக்கும் இடையே பெரும் போர் இல்லை. எத்தனை உயிர்கள் தப்பின என்று எண்ணிச் சொல்ல முடியாவிட்டாலும், இந்த ஒப்பந்தத்தைப் பழிக்கும் யாரும் அதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

ஓட்டைகளும் இருந்தன. கடலைப் பற்றி ஒப்பந்தம் தெளிவாக எதுவும் சொல்லவில்லை. கடற்புலிகளுக்குக் கடலில் என்ன உரிமை என்பது கடைசிவரை தகராறாகவே இருந்தது. 2003 மார்ச்சில் முல்லைத்தீவுக்கு அப்பால் புலிகளின் கப்பல் ஒன்றைக் கடற்படை மூழ்கடித்ததில் பதினொரு பேர் இறந்தார்கள். இதைவிடப் பெரிய ஓட்டை, நிறைவேற்று அதிகாரம் கொண்ட அதிபர் சந்திரிகா இந்த ஒப்பந்தத்தில் இல்லை என்பது. நார்வேயை அழைத்து வந்ததே அவர்தான். ஆனாலும் எதிர்க்கட்சிப் பிரதமர் செய்த ஒப்பந்தத்தில் தன்னைக் கலந்துகொள்ளவில்லை என்ற மனத்தாங்கலோடே அவர் அந்த இரண்டாண்டையும் கழித்தார்.

இனிக் குற்றச்சாட்டுகள். கொழும்பின் சிங்கள அரசியல் எப்போதும் சொல்வது: நார்வே புலிகளின் பக்கம். இது நிற்காது. நடுவரிடம் அதிகாரம் ஏதும் இருக்கவில்லை. மீறலைப் பதிவு செய்யலாம், தடுக்க முடியாது, தண்டிக்க முடியாது. அதே நார்வேயைத் தமிழர்கள் பின்னாளில் மேற்குலகின் கைக்கூலி என்றார்கள். நார்வே அரசே கேட்டு வாங்கிய 2011 மதிப்பீட்டு அறிக்கையும் தோல்வியை ஒத்துக்கொண்டது. என் கணக்கில் நார்வேயின் குறை வேறு: இரு தரப்பையும் மேசையில் இருத்தி வைப்பதையே வெற்றி என்று அது எண்ணியது. பேசாமல் தள்ளிப்போடப்பட்ட விஷயங்களைப் பேசித்தான் ஆக வேண்டும் என்று அதன் தரப்பில் வந்த எரிக் சோல்ஹைமோ விதார் ஹெல்கசனோ ஒரு கட்டத்திலும் கறாராக நிற்கவில்லை.

அடுத்த குற்றச்சாட்டு, புலிகள் எந்நாளும் சமாதானத்துக்கு வந்தவர்களே அல்ல, படையைப் பெருக்க அவகாசம் தேடினார்கள் என்பது. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது கண்காணிப்புக் குழுவின் கணக்கு. 2007 ஏப்ரல் வரை புலிகளின் மீறல்கள் 3,830, அரசின் மீறல்கள் 351. இந்த எண்ணைத் தமிழர்கள் கண்டும் காணாமல் போகிறோம். அதில் பெரும்பங்கு சிறுவர்களைப் படையில் சேர்த்தது, ஆட்கடத்தல், மாற்று அமைப்பினருக்குக் கொடுத்த தொல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வன்னித் தாயும் மட்டக்களப்புத் தாயும் தமிழர்கள்தானே? இதை நியாயப்படுத்த என்னால் முடியாது. ஆனால் எண்ணிக்கை ஒன்று, எடை வேறு. ஒரு சிறுவனைச் சேர்த்தால் ஒரு மீறல். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வீடும் வயலும் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் வருடக்கணக்கில் கிடந்தது இந்தக் கூட்டலில் எத்தனை மீறல்?

அந்த வலயமே பேச்சின் அடிவயிற்றில் விழுந்த முதல் வெட்டு. ஊர் திரும்ப வேண்டும் என்று மக்கள் காத்திருந்தார்கள். அதற்கென இருந்த துணைக்குழுவில், புலிகள் ஆயுதம் களைந்தால்தான் வலயத்தைக் குறைப்போம் என்று அன்றைய யாழ்ப்பாணத் தளபதி சரத் பொன்சேகா நிபந்தனை வைத்தார். ஒப்பந்தத்தில் இல்லாத நிபந்தனை அது. 2003 ஜனவரியில் புலிகள் அந்தத் துணைக்குழுவிலிருந்து வெளியேறினார்கள். கையெழுத்திட்ட பிரதமர் தன் தளபதியைத் திருத்தவில்லை. ரணில் தன் ஆட்களிடம் கெட்ட பெயர் வாங்க வேண்டிய இடம் அது. அவர் அந்தச் செலவைத் தவிர்த்தார். மயிலிட்டியிலும் காங்கேசன்துறையிலும் வீடு இருந்தவனுக்கு, சமாதானம் என்றால் என்ன என்பதற்கு அரசு தந்த பதில் முள்வேலியாகவே இருந்தது.

ஆக, புலிகள் நேர்மையற்றவர்களாக இருந்தார்கள் என்பதற்குச் சான்று உண்டு. அரசு ஒப்பந்தத்தை மீறியதற்கும் சான்று உண்டு. இதோடு விவாதத்தை முடித்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் நேர்மையற்றவர்களும் சமாதானம் செய்திருக்கிறார்கள். உலகில் முடிந்த உள்நாட்டுப் போர்களில் பெரும்பாலானவை ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் முடித்தவைதான்.

ஒஸ்லோவுக்கு வருவோம். அதற்கு எட்டு நாள் முன்பு, 2002 நவம்பர் 27 மாவீரர் நாள் உரையில், உள்ளக சுயநிர்ணய உரிமையின் அடிப்படையில் தாயகத்தில் தன்னாட்சி கிடைத்தால் பரிசீலிப்போம், மறுக்கப்பட்டால் பிரிவதைத் தவிர வழியில்லை என்று பிரபாகரன் சொல்லியிருந்தார். இது சின்னப் பேச்சில்லை. திம்புவிலிருந்து பதினேழு ஆண்டுகளாகச் சொல்லிவந்ததில் ஒரு கதவைத் திறந்த பேச்சு. ஒஸ்லோவில் அரசுக்குழுத் தலைவர் ஜி.எல். பீரிசும் பாலசிங்கமும் அதைக் கூட்டாட்சி என்ற பெயரில் எழுத்தாக்கினார்கள். கூட்டாட்சி என்றாலே நாட்டைப் பிரிப்பது என்று பண்டாரநாயக்கா காலத்திலிருந்து சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட சிங்கள வாக்காளர் முன்னால் ஓர் அரசு அந்தச் சொல்லை வெளிப்படையாக ஏற்றதும் சின்ன விஷயமில்லை. இரு தரப்புமே தம் ஆட்களிடம் கெட்ட பெயர் வாங்கத் துணிந்தது இந்த ஒரு முறைதான்.

அதன் பிறகு? அரசியல் விவகாரங்களுக்கென ஒரு துணைக்குழு இருப்பதாகச் சொல்லப்பட்டது. மீள்குடியேற்றத்துக்கும் நிவாரணத்துக்கும் குழுக்கள் கூடின. அரசியலுக்கானது பெயரளவில் இருந்தது. தாய்லாந்தின் நக்கோன் பத்தோமில் ஜனவரியில் ஒரு சுற்று, பெர்லினில் பிப்ரவரியில் ஒரு சுற்று, ஜப்பானின் ஹக்கோனேயில் மார்ச்சில் ஒரு சுற்று. ஹக்கோனேயில் கூட்டாட்சி நிபுணர்களின் உதவி, நிதிப் பகிர்வு என்றெல்லாம் பேச்சு வந்தது. வரைவு மட்டும் வரவில்லை. நிலம் யாருக்கு, காவல் யாருக்கு, கிழக்கு வடக்கோடு இணையுமா, முஸ்லிம்களுக்கு என்ன என்ற கேள்விகளில் ஒன்றுக்குக்கூட எழுத்தில் ஒரு பக்கம் இல்லை. இது எங்கள் ஊர்த் தறிக்காரர் கண்ணுக்கு உடனே தெரியும்: பாவு ஓட்டியாகிவிட்டது, ஊடை ஒரு இழையும் போடவில்லை.

ஏன் போடவில்லை என்பதே இந்தப் பேச்சின் மையக் கேள்வி. போர்நிறுத்தம் இருவருக்கும் வசதியாக இருந்தது என்பது என் பதில். ரணிலுக்குக் குண்டு வெடிக்காத கொழும்பும், திரும்பிவரும் முதலீடும், உலகத்தின் பாராட்டும் கிடைத்தன. பிரபாகரனுக்குக் கிளிநொச்சியில் நீதிமன்றம், காவல்துறை, வங்கி எல்லாம் கொண்ட ஒரு நாடு நடைமுறையில் கிடைத்தது. 2002 ஏப்ரல் 10இல் உலகப் பத்திரிகையாளர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். இந்த இரண்டையும் பேரம் பேசி இழக்க இருவருக்கும் மனம் வரவில்லை. கூட்டாட்சி வரைவு ஒன்று மேசைக்கு வந்தால், ரணில் அதை மூன்றில் இரண்டு பங்கு நாடாளுமன்றப் பெரும்பான்மையோடும் பொதுவாக்கெடுப்போடும் நிறைவேற்ற வேண்டும். 225 பேர் அவையில் அவர் கூட்டணிக்கு இருந்தது கூட்டிக் கழித்து 114. புலிகளோ, அந்த வரைவு நிறைவேறினால் தேர்தலுக்கும் எதிர்க்கட்சிக்கும் தம் எல்லைக்குள் இடம் தர வேண்டும். ஆகவே தள்ளிப்போட்டார்கள்.

ஆச்சேயைப் பாருங்கள். சுமத்ரா தீவின் வடமுனை. இலங்கையைப் போலவே 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அடித்த இடம். அடுத்த மாதமே ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசும் ஆச்சே விடுதலை இயக்கமும் உட்கார்ந்தன. நடுவர் பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்ட்டி அதிசாரி. எல்லாம் முடிவானால்தான் எதுவும் முடிவானது என்பது அவர் போட்ட விதி. போர்நிறுத்தத்தை முதலில் செய்துவிட்டு அரசியலைப் பிறகு பார்ப்போம் என்பதற்கு அங்கே இடமில்லை. சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே பேசினார்கள். ஐந்து சுற்றுகள், ஏழு மாதங்கள். ஆகஸ்ட் 15இல் கையெழுத்து. இயக்கம் தனிநாட்டைக் கைவிட்டது, 840 ஆயுதங்களை ஒப்படைத்தது. ஜகார்த்தா தன் படைகளில் பெரும்பகுதியைத் திருப்பி அழைத்தது, அந்நாட்டுச் சட்டம் அதுவரை அனுமதிக்காத மாகாணக் கட்சிகளை ஆச்சேவுக்கு மட்டும் அனுமதித்தது. மறு ஆண்டு நடந்த தேர்தலில் இயக்கத்தைச் சேர்ந்தவரே ஆளுநரானார்.

இந்த ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு. ஆச்சே இயக்கம் புலிகளைப் போல் வலுவானதல்ல. சுமார் மூவாயிரம் பேர், களைத்துப்போனவர்கள். துணை அதிபர் யூசுப் கல்லாவின் கையில் நாடாளுமன்றத்தின் மிகப்பெரிய கட்சி இருந்தது. ரணிலுக்கு அந்த வசதி இல்லை. ஆயினும் வரிசை முக்கியம் என்பதை ஆச்சே காட்டிவிட்டது. அடிப்படைப் பிரச்சினையை எடுக்காத போர்நிறுத்தம் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்கு அது அடுத்த போரின் தயாரிப்புக் காலமாக மாறுகிறது. நாகாலாந்தைக் கேளுங்கள்: 1997இலிருந்து போர்நிறுத்தம், 2015இல் ஒரு கட்டமைப்பு ஒப்பந்தம், தீர்வு இன்றுவரை இல்லை.

அதே வடகிழக்கில் மிசோரம் இருக்கிறது. 1966 மார்ச்சில் ஐஸாலின்மீது இந்திய விமானப்படையே குண்டு வீசியது. இருபது ஆண்டு கிளர்ச்சி. 1986 ஜூன் 30இல் லால்டெங்காவோடு ஒப்பந்தம் ஆனது. அதன்படி, தேர்ந்தெடுக்கப்பட்ட காங்கிரஸ் முதல்வர் லால் தன்ஹாவ்லா தன் நாற்காலியைக் காலி செய்து, நேற்றுவரை தேடப்பட்டவரை அதில் உட்கார வைத்துவிட்டு, அவருக்குக் கீழே துணை முதல்வரானார். மாநிலத் தகுதியும் வந்தது. மிசோரத்தில் அந்தப் போர் திரும்பவே இல்லை. சந்திரிகாவும் ரணிலும் செய்தது இதற்கு நேர் எதிர். புலிகள் 2003 அக்டோபர் 31இல் தம் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைத் திட்டத்தை வெளியிட்டார்கள். நான்கே நாளில், ரணில் வாஷிங்டனில் இருந்தபோது, பாதுகாப்பு உள்ளிட்ட மூன்று அமைச்சகங்களைச் சந்திரிகா பறித்துக்கொண்டார். தன் எதிரிக் கட்சி சமாதானத்தின் பெருமையைப் பெறுவதைவிடச் சமாதானம் தோற்பதே மேல் என்று நினைக்கும் ஓர் ஆளும் வர்க்கம் 1957இலிருந்து இலங்கையில் இருந்துவருகிறது. தமிழருக்கு ஓரளவு அதிகாரம் தர முன்வந்த பண்டா–செல்வா உடன்படிக்கையை எதிர்த்துக் கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டவர் ஜெயவர்த்தனா. டட்லி–செல்வா ஒப்பந்தத்தை எதிர்த்தவர்கள் பண்டாரநாயக்காவின் கட்சியினர். இது தனிமனிதர் குறையாக இருந்தால் மன்னிக்கலாம். ஐம்பதாண்டு வழக்கமாக இருக்கிறது.

இப்போது ஏப்ரல் 21. புலிகள் விலகச் சொன்ன காரணங்கள் பொய்யானவை அல்ல. ஏப்ரல் 14இல் வாஷிங்டனில் நடந்த கொடையாளர் கூட்டத்துக்கு அவர்கள் போக முடியவில்லை, அமெரிக்கா 1997இலேயே தடை செய்திருந்தது. பேச்சில் சமபங்காளி, பண விஷயத்தில் தீண்டத்தகாதவர் என்ற நிலையை எந்த இயக்கமும் பொறுக்காது. உயர் பாதுகாப்பு வலயம் அப்படியே இருந்தது. இதையெல்லாம் ஏற்றுக்கொண்டே கேட்கிறேன்: பதில், மேசையை விட்டு எழுவதா? ஜூனில் டோக்கியோவில் 450 கோடி டாலர் உறுதியளிக்கப்பட்டது. அந்தக் கூட்டத்துக்கு அழைப்பு இருந்தும் அவர்கள் போகவில்லை. ஒஸ்லோவில் எழுதியதைப் பிடித்துக்கொண்டு, தம் சொந்தக் கூட்டாட்சி வரைவை ஹக்கோனேயிலோ டோக்கியோவிலோ உலகத்தின் முன்னால் வைத்திருந்தால், கொழும்புக்கு இரண்டே வழிதான் இருந்திருக்கும்: நிறைவேற்ற வேண்டும், அல்லது மறுத்து முகத்தைக் காட்ட வேண்டும். 114 பேரை வைத்துக்கொண்டு ரணிலால் நிறைவேற்ற முடியாது என்பது புலிகளுக்கும் தெரியும். அப்படியானால் அந்தத் தேர்வில் கொழும்பை உட்கார வைப்பதில் தமிழர் இழக்க என்ன இருந்தது? பின்னாளில் பாலசிங்கமே, ஒஸ்லோவில் நடந்தது பிரகடனமல்ல, ஆராய எடுத்த முடிவுதான் என்று அதைச் சுருக்கினார். ஆறு மாதம் கழித்து வந்த அதிகார சபைத் திட்டத்தில் கூட்டாட்சி என்ற பேச்சில்லை. சபையில் அறுதிப் பெரும்பான்மை புலிகள் நியமிப்பவர்களுக்கு, தேர்தல் ஐந்து ஆண்டு கழித்து. கொழும்பை விடுவிக்க இதைவிட நல்ல சாவி வேண்டியதில்லை.

முஸ்லிம்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த எடை முழுமையாகாது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்கள். 2002இல் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் பிரபாகரனைச் சந்தித்தார், உடன்பாடும் ஆனது. மேசையில் முஸ்லிம்களுக்குத் தனி நாற்காலி மட்டும் தரப்படவில்லை. ஹக்கீம் அரசுக் குழுவில் ஒருவராகவே உட்கார வேண்டியிருந்தது. தமிழ் பேசும் மக்களின் தாயகம் என்று சொல்லிக்கொண்டே அந்த மக்களில் ஒரு பகுதியினரின் குரலை எதிர்த்தரப்பு நாற்காலிக்கு அனுப்பினோம். கிழக்கு தனியாக நினைக்கத் தொடங்கியதன் அறிகுறி இது. 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தபோது அது வெடித்தது. தாய்லாந்தில் புலிகளின் குழுவில் உட்கார்ந்திருந்தவர்தான் அவர்.

தமிழ்நாடு என்ன செய்தது? 2002 ஏப்ரலில், பாதை திறந்து மக்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த அதே மாதத்தில், பிரபாகரனைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்று நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜூலையில் வைகோ, ஆகஸ்டில் பழ. நெடுமாறன் பொடா சட்டத்தில் சிறை போனார்கள். பாலசிங்கம் சிகிச்சைக்குச் சென்னைக்கு வர அனுமதி இல்லை. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் நடந்த ராஜீவ் கொலை நாட்டில் உண்டாக்கிய கோபம் நியாயமானது. அந்தக் கொலையைச் செய்தது புலிகள் தமக்குத்தாமே செய்துகொண்ட மிகப்பெரிய கேடு. ஆனால் அந்தக் கோபம், ஆறு கோடித் தமிழரின் மாநிலத்தைப் பேச்சுவார்த்தையில் குரலற்றதாக்கியது. புலிகளை ஆதரித்தவர்கள் சிறைக்குள்ளும் வெளியிலும் பேசினார்கள். அவர்களில் எவரும் மேசையை விட்டு எழாதீர்கள் என்று பகிரங்கமாகப் பிரபாகரனிடம் சொன்னதாக எனக்கு நினைவில்லை. தோழனுக்குத் தோழன் சொல்ல வேண்டியது அதுவல்லவா? கொளத்தூர்க் காட்டில் சோறு போட்டவர்களுக்கு அந்த உரிமை இருந்தது.

தீர்ப்பு இதுதான். இந்தப் போர் உண்டானதற்கும், 2009இல் மருத்துவமனைகள்மீதும் அரசே அறிவித்த பாதுகாப்பு வலயங்கள்மீதும் குண்டு விழுந்து, ஐ.நா. நிபுணர் குழு சொன்னபடி 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடிய விதத்தில் அது முடிந்ததற்கும் இலங்கை அரசின் பொறுப்பே பெரியது. அதை எந்தப் பேச்சுவார்த்தையின் கணக்கும் குறைக்காது. ஆனால் 2002-03 பேச்சு முறிந்ததற்கு, கிடைத்த ஒரே நெம்புகோலைக் கீழே போட்ட புலிகளின் முடிவே அதிகக் காரணம் என்று நான் முடிவு செய்கிறேன். ரணிலின் கோழைத்தனமும் சந்திரிகாவின் பொறாமையும் நார்வேயின் மெத்தனமும் அதற்கு அடுத்தடுத்து வருபவை. இதைச் சொல்வது ஈழத்தமிழரின் கோரிக்கையைக் குறைப்பதாகச் சிலருக்குப் படலாம். அவர்களின் கோரிக்கை நியாயமானது என்பதாலேயே, அதை வென்றெடுக்கக்கூடிய இடத்தை விட்டு எழுந்தது எனக்கு இத்தனை வலிக்கிறது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. ஆழிப்பேரலை நிவாரணத்துக்கான கூட்டுப் பொறிமுறை 2005 ஜூனில் கையெழுத்தானது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை முடக்கியது. நவம்பர் 17 அதிபர் தேர்தலைத் தமிழர் புறக்கணிக்க வேண்டும் என்று புலிகள் விரும்பினார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டினார்கள். ரணிலை 1,80,786 வாக்குகளில் வென்று மகிந்த ராஜபக்ச வந்தார். ஜெனீவாவில் 2006இல் இரண்டு முறை சந்தித்தவர்கள் தீர்வு எதையும் எட்டவில்லை. 2006 டிசம்பர் 14இல் பாலசிங்கம் இறந்தார். 2008 ஜனவரி 2இல், பதினான்கு நாள் முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம் என்ற 4.4ஆம் பிரிவின்படி, போர்நிறுத்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய இலங்கை அரசு முடிவெடுத்தது.

அத்தனை பேச்சிலிருந்தும் இலங்கைச் சட்டத்தில் இன்று மிஞ்சியிருப்பது 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் மட்டுமே. போரிட்ட தமிழ் அமைப்பு எதுவும் கையெழுத்திடாத, புலிகள் ஏற்காத, கொழும்பு முழுதாக நிறைவேற்றாத ஒப்பந்தத்தின் பிள்ளை அது. நிலமும் காவலும் மாகாணத்துக்கு உண்டு என்று அதில் எழுதியிருக்கிறது. அவை இதுவரை தரப்படவில்லை. வடக்கையும் கிழக்கையும் இணைத்தது செல்லாது என்று 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013இல் முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வடமாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகளாக அங்கே தேர்தலே நடத்தப்படவில்லை. டெல்லி இன்றும் கொழும்பிடம் அந்தத் திருத்தத்தை நிறைவேற்றச் சொல்லிக் கேட்கிறது. ஒஸ்லோவில் எழுதியதைப் பற்றிக் கேட்க இப்போது யாருக்கும் ஒரு காகிதம்கூட இல்லை.